வாப்பாவின் கெசட்டுகளும் உம்மாவின் அனுமதியும்



பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தவர்களில் பலர், டி.வி. மேசைக்குக் கீழே எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய லெப்டொப்பைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பழைய கெசட் வைத்திருக்கிற வீடுகள் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் மீராவோடையிலும் இன்னும் இருக்கின்றன. முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த லெப்டொப்புக்குள் சினிமாப் படம் ஒன்றும் இல்லை. எங்கள் வாப்பா, உம்மா, மூத்தம்மா, சாச்சிமார், அயல் வீட்டுப் பெண்கள் ஆகியோருடைய குரல்கள்தான் இருக்கின்றன. மொத்தம் 58 கெசட்.

1977க்குப் பிறகு நாடு திறந்த பொருளாதாரத்துக்கு மாறியதும், நமது பகுதியில் இருந்தும் ஆட்கள் சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்கள். இளையவர்களுக்குத் தெரியாது, அப்போது வீட்டில் போன் இல்லை. கடிதம் எழுதலாம், ஆனால் எழுத வாசிக்கத் தெரியாத உம்மாமார் இருந்த காலம் அது. கெசட்தான் அவர்களுக்குக் கடிதம். ரேப் ரெக்கோடரில் சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஒரு பக்கம் முழுக்கப் பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிற ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அங்கே கொடுப்பார். அங்கிருந்து பதில் இன்னொரு கெசட்டில் வரும். கேரளத்திலும் இதே கதைதான். எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய்க் கத்துப் பாட்டு' என்ற மாப்பிளைப் பாட்டு, கணவன் வெளிநாட்டில் இருக்க ஊரில் இருக்கிற மனைவி எழுதும் கடிதமாகவே அமைந்தது. வளைகுடாவுக்கு ஆண்களை அனுப்பிய ஊர்கள் எல்லாவற்றிலும் இப்படிக் குரலாகவோ பாட்டாகவோ ஒரு கடிதம் இருந்திருக்கிறது.

வாப்பா எட்டு வருடம் சவூதியில் இருந்தார். அவர் அனுப்பியதும், உம்மா அனுப்பி அவர் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்ததும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. கடிதம் மட்டுமல்ல. சாச்சியின் கல்யாண வீட்டுக் குரவைச் சத்தம், மூத்தம்மா பாடிய தாலாட்டு, பெண்கள் சேர்ந்திருந்து பாடிய கவிகள், மவ்லூது, றபான் சத்தத்தோடு வந்த பக்கீரின் பைத்து என்று எல்லாம் அதற்குள் இருந்தன. "நாங்க எப்படி இருக்கம் எண்டு வாப்பாக்குக் கேட்கட்டும்" என்று எல்லாவற்றையும் உம்மா பதிந்து அனுப்பியிருக்கிறா.

கெசட் என்பது நிரந்தரமான பொருள் அல்ல. 1963இல் பிலிப்ஸ் கம்பனி அறிமுகப்படுத்திய அதே வடிவம்தான் கடைசி வரைக்கும் இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் காந்தத் தூளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் அது ஓடும். 60 நிமிடக் கெசட்டில் ஏறக்குறைய 86 மீற்றர் நாடா இருக்கிறது. 90 நிமிடக் கெசட்டில் நாடா இன்னும் மெல்லியது. சிக்கினால் இழுபட்டுப் போகும். வாவியையும் கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற நமது ஊரின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் ரெக்கோடரின் ஹெட்டும் அழுக்காகும், நாடாவும் உரியும்.

இதற்கு மேல் நமது ஊருக்கே உரிய காரணங்கள் இருக்கின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இல் ஆட்கள் உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் கல்குடாப் பக்கம் கடல் வந்தது. இத்தனையையும் தாண்டி ஒரு தகரப் பெட்டி எங்கள் வீட்டில் மிஞ்சியது அல்லாஹ்வின் கிருபை. பல வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

58இல் 11 கெசட் ஓடவே இல்லை. மீதி 47ஐ ரெக்கோடரின் இயர்போன் துளையில் இருந்து வயர் போட்டு லெப்டொப்புக்கு எடுத்தோம். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணித்தியாலக் கெசட்டை எடுக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். பாடசாலை விட்டு வந்து, ஒரு நாளைக்கு ஒரு கெசட் என்று, இரண்டு மாதத்தில் முடித்தோம். மொத்தமாக 15 ஜிபி அளவுதான் வந்தது. ஒரு 32 ஜிபி பென் ட்ரைவில் எங்கள் குடும்பத்தின் எட்டு வருடம் அடங்கிவிட்டது.

இனித்தான் பிரச்சினை தொடங்கியது.

மகன் சொன்னான், "உம்மா, யூடியூப்ல போட்டா எப்பவும் அழியாது. காக்காமாரும் எங்க இருந்தாலும் கேப்பாங்க." தங்கச்சி, குடும்ப வாட்ஸ்அப் குழுமத்தில் போடச் சொன்னா. இரண்டும் நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைகள். உம்மாவிடம் கேட்டேன். அவ உடனே பதில் சொல்லவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னா:

"மகள், இது நான் ஒங்கட வாப்பாக்குச் சொன்ன கத. ஊருக்குச் சொன்னதில்ல."

பெண்களின் குரல் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பேச உலமாக்கள் இருக்கிறார்கள். எனக்குப் பட்டது எளிமையான விடயம். ஒரு மனுசி ஒரு மனுசனை நம்பிப் பேசியது அமானிதம். இடையில் கொண்டுபோன ஊர்க்காரர்கூட அந்தக் கெசட்டைக் கேட்காமல்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். நாற்பது வருடம் கழித்து மகளான நான் அதை உலகத்துக்குத் திறந்து வைக்க என்ன உரிமை இருக்கிறது? வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு ஃபோர்வர்டில் யாரிடம் போகும் என்று யாருக்கும் தெரியாது. போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அதே நேரம், பெட்டிக்குள் பூட்டி வைத்து அழியவிடவும் மனம் வரவில்லை. மூத்தம்மாவின் தாலாட்டைப் பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டாமா?

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று எனக்குக் காட்டியது என்னிடம் படித்த ஒரு மாணவி. இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறா. "டீச்சர், வீட்டுக்குள்ளயே ஒரு மீடியா சேர்வர் வையுங்க" என்றா.

மீடியா சேர்வர் என்றால் பெரிய விடயம் அல்ல. ஒரு கணினியில் பாட்டு, வீடியோ, படங்களை வைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருக்கிற டி.வி., போன் எல்லாவற்றிலும் கேட்க, பார்க்கச் செய்கிற ஏற்பாடு. நமது வீட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு யூடியூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிளெக்ஸ் என்ற மென்பொருள் பிரபலம். நாங்கள் எடுத்தது ஜெலிஃபின். எம்பி என்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் அதன் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தியபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் சிலர் முன்பு திறந்திருந்த நிரலை எடுத்துத் தனியாகத் தொடர்ந்ததுதான் ஜெலிஃபின். காசு இல்லை, விளம்பரம் இல்லை, எந்தக் கம்பனியிலும் கணக்குத் திறக்கத் தேவை இல்லை. டேட்டா முடிந்தாலும் வீட்டுக்குள் வேலை செய்யும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும், லெப்டொப் பற்றரியும் ரவுட்டருக்கு ஒரு சின்ன பெக்கப்பும் இருந்தால் ஒரு சில மணித்தியாலம் ஓடும்.

இதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைக்கலாம். எந்தக் கணக்குக்கு எந்தத் தொகுப்புத் தெரிய வேண்டும் என்றும் பிரித்து வைக்கலாம். நாங்கள் மூன்று தொகுப்பு வைத்தோம். முதலாவது, வீட்டில் எல்லோருக்கும். இரண்டாவது, பெண்களுக்கு மட்டும். மூன்றாவது, உம்மாவுக்கு மட்டும். எந்தக் குரல் எந்தத் தொகுப்புக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது உம்மா.

ஆனால் 47 கெசட்டை வெட்டிப் பிரித்தபோது 312 துண்டு வந்தது. ஒவ்வொன்றையும் மவுசால் கிளிக் பண்ணிப் பெயர் எழுதி, இடம் மாற்றி, பிழை வந்தால் திருத்தி... அது ஆகிற காரியம் இல்லை. அந்த இடத்தில்தான் பைதன் கைகொடுத்தது.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிற பிள்ளைகளுக்குப் பைதன் தெரியும். நெதர்லாந்துக்காரரான கிடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட நிரல்மொழி. பெயரைப் பார்த்து மலைப்பாம்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரில் இருந்து எடுத்தது. பைதனின் பலம் அதன் லைப்ரரிகள். வேறு யாரோ எழுதிச் சோதித்து வைத்த நிரல் தொகுப்பை நமது நிரலில் ஒரு வரியில் அழைத்துப் பயன்படுத்தலாம். ஜெலிஃபினுக்கும் அப்படி ஒரு லைப்ரரி இருக்கிறது. பிளெக்ஸுக்கும் பிளெக்ஸ்ஏபிஐ என்று ஒன்று உண்டு.

எப்படி வேலை செய்கிறது என்றால், சேர்வருக்கு வெளியில் இருந்து கட்டளை கொடுக்க ஏ.பி.ஐ. என்று ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்கு ஒரு திறப்பு வேண்டும். அதை நீங்களே சேர்வரின் நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். நீண்ட எழுத்துச் சரமாக இருக்கும். வீட்டுத் திறப்பு மாதிரித்தான் அதுவும். ஸ்கிரீன்சொட் எடுத்து முகநூலில் போடாதீர்கள். திறப்பைக் காட்டியதும், உங்கள் நிரல் சேர்வரிடம் கேட்கலாம்: என்னென்ன வைத்திருக்கிறாய்? யார் இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? இந்தத் துண்டை டி.வி.யில் ஓடவிடு. நிறுத்து. புதிதாகச் சேர்த்ததைப் பார்த்துப் பதிவில் சேர்த்துக்கொள்.

என் மாணவியும் நானும் எழுதிய நிரல்கள் எல்லாம் சேர்த்தும் 200 வரி வராது. மூன்று வேலை செய்கின்றன.

முதலாவது, பெயர் எழுதுவது. குரல் யாருடையது, எந்த வீட்டில், எந்தக் காலம், எந்தத் தொகுப்பு என்று எக்செல் மாதிரி ஒரு அட்டவணையில் எழுதுகிறேன். மியூட்டஜென் என்ற இன்னொரு பைதன் லைப்ரரி அதை அந்தந்த ஒலிக் கோப்புக்குள்ளேயே தமிழில் எழுதிவிடுகிறது. சேர்வர் நாளைக்கு இல்லாமல் போனாலும் பெயர் கோப்போடு போகும். பிறகு நிரல் கோப்பை உரிய தொகுப்புக்கு நகர்த்தி, சேர்வரைத் திரும்பப் பார்க்கச் சொல்லும்.

இரண்டாவது, பாங்கு நேரத்தில் நிறுத்துவது. பள்ளிவாசலில் தருகிற தொழுகை நேர அட்டவணையை ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். நேரம் வந்ததும், வீட்டில் எந்த டி.வி.யில், எந்தப் போனில் ஓடிக்கொண்டிருந்தாலும் சேர்வர் அதை நிறுத்திவிடும். ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தானாகத் தள்ளிவிடுகிற செயலிகளுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் புதினமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

மூன்றாவது நிரல்தான் எங்களை உலுக்கியது. அது செய்வது ஒன்றே ஒன்று: பெயர் எழுதப்படாத துண்டுகளை எண்ணிச் சொல்வது. முதல் நாள் ஓடவிட்டபோது 128 என்று காட்டியது. 312இல் 128 குரல் யாருடையது என்று எனக்கோ தங்கச்சிக்கோ காக்காவுக்கோ தெரியாது. வாப்பா மௌத்தாகிவிட்டார். மூத்தம்மா இல்லை. சாச்சிமாரில் ஒருவர்தான் இருக்கிறா, அவவுக்குக் காது கேட்பதில்லை. மிஞ்சியிருப்பது உம்மா மட்டும். அவவுக்கு வயது 76.

உலகத்தில் எந்தக் கணினியும் இந்த 128 பெயரைச் சொல்ல முடியாது. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பெயர்கள் ஒரே ஒரு மனுசியின் ஞாபகத்தில் இருக்கின்றன. அந்த ஞாபகத்துக்கு பெக்கப் இல்லை.

அன்றில் இருந்து நிரலில் இன்னொரு வேலையைச் சேர்த்தோம். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு, பெயர் இல்லாததில் மூன்று துண்டை எடுத்து டி.வி.யில் ஓடவிடும். மூன்றுக்கு மேல் உம்மா களைத்துவிடுவா. நான் பக்கத்தில் கொப்பியோடு இருப்பேன்.

உம்மா குரலை மட்டும் கேட்டுச் சொல்வதில்லை. ஒரு துண்டில் தூரத்தில் ரயில் இரும்புப் பாலத்தில் போகிற சத்தம் கேட்டது. ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் வாகனங்களும் ஒரே வழியாகப் போன காலம் அது. "இது ஆத்தோரம் பழைய வீட்டில இரிக்கக்குள்ள எடுத்த" என்றா. இன்னொன்றில் குழந்தை அழுகிறது. "சூறாவளிக்கு அடுத்த வருசம் பொறந்த புள்ள, அப்ப மூணு நாலு வயசு" என்று கணக்குப் போட்டா. ஒரு பெண் பேசத் தொடங்குமுன் செருமுகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொன்னா. இந்த மாதிரித் தகவல் எல்லாம் நான் அட்டவணையில் தனி நிரையாக எழுதினேன். பெயரை விட இவைதான் கேட்கிற பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு நாள் வந்த துண்டில் ஒரு பெண் கவி பாடினா. அருமையான குரல். உம்மா உடனே பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டா. அயல் வீட்டில் இருந்த ஒருவர். மகள் கைப்பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டா. அந்த மகள் இப்போது பேரப்பிள்ளை கண்டவ. தன் உம்மாவின் போட்டோ கூட அவவிடம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கூப்பிட்டோம். உம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. நான்கு நிமிடம்தான் அந்தப் பாட்டு. அவ அதை மூன்று தடவை கேட்டா. பிறகு சொன்னா, "டீச்சர், இத அழிச்சிராதீங்க. ஆனா வேற ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாதீங்க." கெசட்டையே அவவிடம் கொடுத்தோம். கோப்பைப் பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்தோம். எங்கள் சேர்வரில் இருந்த பிரதியை என்ன செய்வது என்று கேட்டபோது, யோசித்துவிட்டு, "ஒங்கட உம்மாட பக்கத்தில இரிக்கட்டும்" என்றா. அது மூன்றாவது தொகுப்பில் இருக்கிறது. நான் இதை எழுதுவதற்கும் அவவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்து நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது.

23ஆம் இலக்கக் கெசட்டின் இரண்டாம் பக்கம். உம்மா பேசியது. ஊரில் நிலைமை சரியில்லாத ஒரு காலத்தில், பிள்ளைகளோடு தனியாக இருந்து, வாப்பாவிடம் வந்துவிடச் சொல்லி அழுதது. 11 நிமிடம். அதில் ஊர் நிலைமை இருக்கிறது, அரிசி விலை இருக்கிறது, இரவில் எந்த வீட்டில் போய்ப் படுத்தோம் என்பது இருக்கிறது. ஒரு ஆசிரியையாக எனக்கு அது எங்கள் ஊரின் சரித்திரம். வை. அஹ்மத் போன்ற நமது ஊர் எழுத்தாளர்கள் எழுதிவைத்தார்கள். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது எத்தனை இடத்தில் பதிவாகி இருக்கிறது?

உம்மா அதைக் கேட்டு முடித்துவிட்டு, "இத இல்லாமாக்கிரு மகள்" என்றா.

நான் வாதாடினேன். மூன்றாவது தொகுப்பில் வைப்போம், நீங்கள் மட்டும் கேட்கலாம் என்றேன். அவ சொன்ன பதிலுக்கு என்னிடம் மறுபதில் இருக்கவில்லை. "எனக்குப் பொறகு அந்தத் தொறப்பு ஆர்ட கையில?"

அவ கேட்டது சரியான கேள்வி. சேர்வரை நடத்துகிறவருக்கு மூன்று தொகுப்பும் தெரியும். கணக்குப் பிரிப்பு மற்றவர்களுக்குத்தான் மறைப்பு, எனக்கு இல்லை. எனக்குப் பிறகு என் மகன், அவனுக்குப் பிறகு யாரோ. உம்மா பேசியது ஒருவரிடம். அந்த ஒருவர் இப்போது இல்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் கெசட் இலக்கம், பக்கம், வரிசை என்று ஒரே குறியீடு எல்லாப் பிரதியிலும் இருக்கிறது. சேர்வரில் ஒன்று, அலுமாரியில் வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கட்டாரில் இருக்கிற காக்கா லீவில் வந்தபோது கொண்டுபோன பென் ட்ரைவில் ஒன்று. முதல் இரண்டிலும் நிரல் தேடி அழித்தது. காக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்காமலேயே அழித்துவிட்டதாகச் சொன்னார். கெசட்டின் நாடாவை உம்மாவே இழுத்து எடுத்து அடுப்பில் போட்டா. அட்டவணையில் அந்த வரி மட்டும் இருக்கிறது: "23, பக்கம் 2, 11 நிமிடம், உம்மா சொல்லி அழிக்கப்பட்டது."

சரித்திரத்தில் இருந்து 11 நிமிடம் போனது எனக்குக் கவலைதான். மறைக்கவில்லை. ஆனால் இந்த வேலையில் நான் படித்த பாடம் அதில்தான் இருக்கிறது. ஒரு பொருளுக்கு நாம் பெயர் வைக்க முடிய வேண்டும். யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்று நாம் தீர்மானிக்க முடிய வேண்டும். வேண்டாம் என்றால் அழிக்கவும் முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது நம்முடையது. யூடியூபில் போட்டிருந்தால் உம்மாவின் கேள்விக்கு என்னால் எந்தப் பதிலும் சொல்லியிருக்க முடியாது.

எல்லாவற்றையும் வீட்டுக்குள் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று நமது நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இலத்திரனியல் வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. முஸ்லிம்களின் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. பழைய மலர்கள், பள்ளிவாசல் அறிக்கைகள், பாடசாலை சஞ்சிகைகள் உங்களிடம் இருந்தால் அப்படியான இடங்களுக்குக் கொடுங்கள். எங்கள் கெசட்டுகளில் இருந்தும், பக்கீரின் பைத்தையும் உம்மா சம்மதித்த இரண்டு தாலாட்டையும் பொதுவில் கொடுக்க எண்ணியிருக்கிறோம். பொதுவுக்கு உரியது பொதுவுக்குப் போகட்டும். வீட்டுக்கு உரியது வீட்டில் இருக்கட்டும். எது எது என்று சொல்ல வேண்டியது பேசியவர், அவர் இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகள்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. முதலில் கெசட்டின் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கோட் பொத்தான் அமுக்கினாலும் மேலே பதியாது.

2. வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிட வேண்டாம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

3. எம்.பி.3 ஆக மட்டும் வைக்காமல் ஃபிளாக் வடிவில் ஒரு பிரதி வையுங்கள். தரம் குறையாது, தமிழில் பெயரும் எழுதலாம்.

4. இரண்டு பிரதியாவது வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வருகிற ஊர் நமது ஊர்.

5. சேர்வரை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வீட்டு வைஃபைக்குள் இருந்தால் போதும்.

6. பழைய லெப்டொப் போதும். டிஸ்பிளே உடைந்தது என்றாலும் டி.வி.யோடு இணைத்து வேலை செய்யலாம். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

7. பைதன் தெரியாது என்று நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஐ.சி.டி. படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். கூப்பிட்டுக் கேளுங்கள். பரீட்சைக்கு மட்டும் படித்த நிரல் ஒரு மூத்தம்மாவின் குரலைக் காப்பாற்றும் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கும் படிப்பில் ருசி வரும்.

ஆனால் இந்த ஏழையும் அடுத்த மாதம் செய்யலாம். அடுத்த வருடமும் செய்யலாம். மெசின் எங்கேயும் போகாது. பெயர் சொல்லக்கூடிய ஆட்கள்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கணினியைத் திறக்குமுன் ஒரு கொப்பியைத் திறந்துகொண்டு உம்மாவிடம், வாப்பாவிடம், மூத்தம்மாவிடம் போய் இருங்கள். கெசட்டாக இருந்தாலும் சரி, பழைய போட்டோவாக இருந்தாலும் சரி, "இது ஆர்?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். பிறகு, "இத ஆருக்குக் காட்டலாம்?" என்றும் கேளுங்கள்.

எங்கள் நிரல் இன்று காலையில் காட்டிய எண் 17. அதில் சில குரல்களை உம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. உங்களில் யாருடைய மூத்தம்மாவாவது எங்கள் ஆத்தோர வீட்டுப் பக்கம் இருந்தவராக இருந்தால், அஸருக்குப் பிறகு ஒரு நாள் அவவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெண்கள் மட்டும் இருந்து கேட்போம். தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.

மரணித்த நமது பெற்றோருக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. இருப்பவர்களுக்கு ஆரோக்கியத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.